கிரெடிட் கார்டும் அம்மாவின் கணக்கு நோட்டும்



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மாணவர் பேரவைச் செயலர் கேட்டபோது, எங்கள் துறை வழக்கப்படி மின்மாற்றி பற்றியோ சூரிய மின்சாரம் பற்றியோ எழுதலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சென்ற தீபாவளி சமயத்தில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விவகாரம் மனதை விட்டுப் போகவில்லை. அதையே எழுதுகிறேன். நம்மில் பலர் டிப்ளமோ முடித்த கையோடு ஏதாவது ஒரு கம்பெனியில் சேர்ந்துவிடுவோம். முதல் சம்பளம் வந்த வாரமே போன் வரும். "சார், உங்களுக்கு கிரெடிட் கார்டு அப்ரூவ் ஆயிருக்கு!" என்று ஒரு குரல் கொஞ்சும். அன்றைக்கு இந்தக் கட்டுரை யாராவது ஒருவருக்கு நினைவு வந்தால் போதும்.

துண்டுப் பிரசுரத்தோடு வந்த அப்பா

தீபாவளித் துணி எடுக்க என்.எஸ்.பி. ரோட்டுக்குப் போயிருந்தோம். கடை வாசலில் ஒரு குடை, ஒரு மேசை, கழுத்தில் அடையாள அட்டையோடு இரண்டு இளைஞர்கள். "சார், ரிவார்டு கார்டு சார்! அஞ்சு பர்சென்ட் கேஷ்பேக், ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ, இன்னிக்கே போட்டா டிராலி பேக் ஃப்ரீ" என்றார்கள். அப்பா பிரசுரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஸ்ரீரங்கம் வந்து சேருகிற வரைக்கும் பஸ்ஸில் மனக்கணக்குப் போட்டுக்கொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "நாம மாசம் முப்பத்தேழாயிரம் செலவு பண்றோம். அஞ்சு பர்சென்ட்னா ஆயிரத்து எண்ணூத்தி அம்பது. வருஷத்துக்கு இருபத்திரண்டாயிரம்! சும்மா வருதுடா தம்பி!"

"சும்மா எவன் குடுப்பான்?" என்றார் அம்மா.

பாட்டி தன் பங்குக்கு, "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்றார். அம்மா மண்டபத்துக்குப் பக்கத்தில் வாழ்கிற பாட்டிக்கு ஆறும் தெரியும், அளவும் தெரியும்.

ஏர்போர்ட் லவுஞ்ச் விஷயம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது. நம் திருச்சி விமான நிலையத்துக்கு 2024-ல் புது முனையம் வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் விமானம் என்பது மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பார்க்கிற பொருள். நமக்கு உதவாத சலுகைக்கும் சேர்த்துத்தானே ஆண்டுக் கட்டணம் வாங்குவார்கள்? "கணக்குப் போட்டுட்டுச் சொல்றேன்பா" என்று பிரசுரத்தை வாங்கிக்கொண்டேன்.

யார் காசு அது?

கடன் அட்டை புதிதல்ல. 1950-ல் நியூயார்க்கில் டைனர்ஸ் கிளப் ஆரம்பித்து வைத்தது. 1961-ல் அது இந்தியாவுக்கு வந்தது. நம் நாட்டு வங்கிகளில் சென்ட்ரல் பேங்க் ஆஃப் இந்தியா 1980-ல் கார்டு கொடுக்கத் தொடங்கியது. நம் அப்பாக்கள் இளைஞர்களாக இருந்த காலத்தில் அது பணக்காரர் பையில் இருக்கிற சாமான். இப்போது மளிகைக் கடையில்கூட அதற்கு மெஷின் இருக்கிறது.

பரிசு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். நாம் 100 ரூபாய்க்குக் கார்டு தேய்த்தால் கடைக்காரர் கைக்குப் போவது ஏறக்குறைய 98 ரூபாய்தான். மீதியை நமக்குக் கார்டு கொடுத்த வங்கி, கடையில் மெஷின் வைத்த வங்கி, விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நிறுவனம் ஆகியோர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். அந்தப் பங்கில் ஒரு துண்டுதான் நமக்குப் பரிசாகத் திரும்பி வருகிறது. சில சின்னக் கடைகளில் "கார்டுன்னா ரெண்டு பர்சென்ட் சேர்த்துக் குடுங்க" என்பது இதனால்தான். அப்படிக் கொடுத்துவிட்டு ஒரு சதவீதப் பரிசு வாங்கினால் நமக்கு ஒரு சதவீதம் நட்டம்!

இரண்டு ரூபாய் பங்கில் ஐந்து ரூபாய் எப்படித் தர முடியும்? சில குறிப்பிட்ட இடங்களில், குறிப்பிட்ட தொகை வரைக்கும்தான் தர முடியும். அந்த "குறிப்பிட்ட" என்கிற வார்த்தை பிரசுரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது.

மூன்று குவியல்

அம்மாவிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு உண்டு. பால்காரர் வராத நாள் முதற்கொண்டு அதில் இருக்கும். பன்னிரண்டு மாதக் கணக்கை எடுத்துச் சராசரி போட்டேன். ஒவ்வொரு செலவையும் மூன்று குவியலாகப் பிரித்தேன்.

முதல் குவியல், கார்டு நுழையாத செலவு. வீட்டு வாடகை 8,500, காந்தி மார்க்கெட் காய்கறியும் தெருவில் வாங்குகிற பூ, பழமும் 3,000, பால் 2,100, சீட்டு 3,000, பஸ் முதலிய சில்லறை 1,400. ஆக 18,000 ரூபாய்.

இரண்டாவது குவியல், கார்டு செல்லும், ஆனால் பரிசு பெரும்பாலும் வராது. மின்கட்டணம் (இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வருவதைப் பாதியாக்கினால்) 1,200, கேஸ் 900, பெட்ரோல் 2,400, எனக்கும் தங்கைக்கும் படிப்புக் கட்டணம் மாதக் கணக்கில் 3,000. ஆக 7,500 ரூபாய். இந்த இனங்களைப் பல கார்டுகள் பரிசிலிருந்து விலக்கி வைக்கின்றன, அல்லது குறைத்துத் தருகின்றன. பெட்ரோலுக்கு ஒரு சதவீதம் கூடுதல் கட்டணமும் உண்டு. அதைத் தள்ளுபடி செய்யும் கார்டுகளிலும், ஒரு குறைந்தபட்சத் தொகைக்கு மேல் போட்டால்தான் தள்ளுபடி. நாங்களோ ஸ்கூட்டிக்கு 200 ரூபாய், 200 ரூபாயாகப் போடுகிறவர்கள்!

மூன்றாவது குவியல், பரிசு வருகிற செலவு. மளிகை 6,000, பாட்டிக்கு மருந்து 2,200, துணிமணி 1,500, போனும் நெட்டும் 1,000, ஆன்லைனில் வாங்குவது 800. ஆக 11,500 ரூபாய்.

அப்பா நினைத்த 37,000 எங்கே, இந்த 11,500 எங்கே? அதிலும் ஐந்து சதவீதம் கிடைப்பது ஆன்லைன் செலவுக்கு மட்டும். மாதம் 800 ரூபாய்க்கு 40 ரூபாய். இருபத்திரண்டாயிரம் காவேரியோடு போய்விட்டது.

நான்கு வகைக் கார்டு

பெயர் சொல்லிக் கார்டுகளை ஒப்பிடப் போவதில்லை. விதிகளை வங்கிகள் அடிக்கடி மாற்றுகின்றன. இந்த மலர் உங்கள் கைக்கு வருவதற்குள் மாறினாலும் மாறும். வகையைப் புரிந்துகொண்டால் போதும். எங்கள் மூன்றாவது குவியல் வருடத்துக்கு 1,38,000 ரூபாய். அதை வைத்துக் கணக்கிட்டேன்.

ஒன்று, ஆன்லைன் கார்டு. ஆன்லைனில் 5 சதவீதம், மற்றவற்றில் 1 சதவீதம், ஆண்டுக் கட்டணம் 1,000 என்று வைத்துக்கொள்வோம். ஆன்லைன் 9,600-க்கு 480, மீதி 1,28,400-க்கு 1,284. மொத்தம் 1,764 ரூபாய். கட்டணத்தோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்து 1,180 போகும். கையில் நிற்பது 584.

இரண்டு, பாயிண்ட் கார்டு. நூறு ரூபாய்க்கு 4 பாயிண்ட். வருடத்துக்கு 5,520 பாயிண்ட் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் ஒரு பாயிண்ட் ஒரு ரூபாய் அல்ல! 25 பைசா என்றால் 1,380 ரூபாய்தான். அதை மாற்றிக்கொள்ளத் தனிக் கட்டணம் கேட்கும் கார்டுகள் உண்டு. குறிப்பிட்ட காலத்தில் மாற்றாவிட்டால் பாயிண்ட் காலாவதியும் ஆகும்.

மூன்று, பெட்ரோல் கார்டு. குறிப்பிட்ட கம்பெனி பங்கில் 4 சதவீதம், ஆண்டுக் கட்டணம் 500 என்று வைத்துக்கொண்டால், எங்கள் வீட்டு 28,800-க்கு 1,152 வரும். ஜி.எஸ்.டி.யோடு கட்டணம் 590 போக 562. ஆனால் தில்லை நகரிலிருந்து துவாக்குடிக்குத் தினமும் காரில் போகிற ஒருவருக்கு மாதம் 8,000 ரூபாய் பெட்ரோல் என்றால், அவருக்கு இதே கார்டில் 3,840 வரும். கட்டணம் போனாலும் 3,250 நிற்கும். எங்களுக்கு ஆகாத கார்டு அவருக்கு ஆகும். ஆகவே "எது நல்ல கார்டு?" என்று அடுத்தவரைக் கேட்பதில் அர்த்தமில்லை. அது அவர் வீட்டு நோட்டுக்கு நல்ல கார்டு.

நான்கு, ஆண்டுக் கட்டணமே இல்லாத, எல்லாவற்றுக்கும் ஒரு சதவீதம் தருகிற சாதாரணக் கார்டு. வருடத்துக்கு 1,380 ரூபாய். கழிக்க ஒன்றுமில்லை. இது ரூபே கார்டாக இருந்தால் இன்னொரு வசதி. 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ.யோடு இணைத்து, கடையில் உள்ள க்யூ.ஆர். அட்டையை ஸ்கேன் செய்து கட்டலாம். ஆனால் அது வியாபாரக் கணக்காக இருக்க வேண்டும். பூக்கார அம்மாவின் சொந்தக் கணக்குக்கு இப்படி அனுப்ப முடியாது. யு.பி.ஐ. வழியில் கட்டினால் பரிசு உண்டா என்பதையும் கார்டுக்குக் கார்டு பார்க்க வேண்டும்.

பளபளப்பே இல்லாத நான்காவது கார்டுதான் எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது. கணக்கை அப்பாவிடம் காட்டினேன். "வருஷம் பூரா தேய்ச்சு ஆயிரத்து முன்னூத்தி எம்பதா?" என்று அவர் முகம் சுருங்கியது.

சித்தப்பா வாயைத் திறந்தார்

தீபாவளிக்கு மறுநாள் சித்தப்பா வந்திருந்தார். மேசை மேல் கிடந்த பிரசுரத்தைப் பார்த்ததும், "வேணாம்ணே" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. அம்மா காப்பி கொடுத்துவிட்டு மெதுவாக விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு கார்டில் 30,000 ரூபாய்க்கு ஃபிரிட்ஜ் வாங்கியிருக்கிறார். பட்டறையில் ஆர்டர் குறைந்த நேரம். பில்லில் "குறைந்தபட்சத் தொகை 1,500" என்று போட்டிருந்தது. அதைக் கட்டினால் போதும் என்று நினைத்துவிட்டார். மாதம் தவறாமல் கட்டியும் வந்திருக்கிறார். கடன் மட்டும் குறையவில்லை.

"எப்படிடா குறையாம இருக்கும்?" என்று அப்பா என்னைக் கேட்டார். அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி. 30,000-க்கு 1,050. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 189. ஆக 1,239 ரூபாய். சித்தப்பா கட்டிய 1,500-ல் அசலுக்குப் போனது வெறும் 261 ரூபாய்! இப்படியே பாக்கியில் ஐந்து சதவீதமாக இரண்டு வருடம் கட்டினால், கட்டிய தொகை ஏறக்குறைய 32,600. அதற்குப் பிறகும் பாக்கி சுமார் 24,300. வாங்கிய ஃபிரிட்ஜுக்கு மேல் கட்டிவிட்டு, இன்னும் முக்கால் ஃபிரிட்ஜுக்குக் கடன்காரர்.

இன்னொன்றும் அவருக்குத் தெரியாது. முழுத் தொகையும் கட்டினால்தான் 45, 50 நாள் வட்டியில்லாத் தவணை. பாக்கி வைத்துவிட்டால் வட்டி பொருள் வாங்கிய தேதியிலிருந்தே ஏறும். அதன் பிறகு அதே கார்டில் வாங்குகிற புதுப் பொருளுக்கும் அந்தத் தவணை கிடையாது. கார்டைப் போட்டு ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி, தனிக் கட்டணம் வேறு.

"இவ்வளவு வட்டிக்குச் சட்டம் கிடையாதா?" என்று அம்மா கேட்டார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல், ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது நியாயமற்றது என்று தீர்ப்புச் சொன்னது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மாதம் மூன்றரை சதவீதம் என்றால் ஆண்டுக்கு 42. நம்மைக் காப்பாற்ற நாமேதான் உண்டு.

மின்மாற்றியில் படித்தது

நம் துறை நண்பர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். மின்மாற்றியில் இரண்டு இழப்பு உண்டு. ஒன்று இரும்பு இழப்பு. சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது மாறாமல் இருக்கும். ஆண்டுக் கட்டணம் அந்த வகை. கார்டு பீரோவில் தூங்கினாலும் போய்க்கொண்டிருக்கும். இன்னொன்று தாமிர இழப்பு. சுமை ஏற ஏற மடங்காக ஏறும், சூடேறும், கடைசியில் சுருளையே எரிக்கும். வட்டி அந்த வகை. பிரசுரத்தில் போடுவது உள்ளே போகிற மின்சாரத்தை மட்டும். நாம் பார்க்க வேண்டியது வெளியே வருவதை.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எங்கள் வீடு ஒரு வருடம் முழுக்கச் சேர்க்கக்கூடிய பரிசு 1,380. சித்தப்பா முதல் ஒரே மாதத்தில் கொடுத்த வட்டி 1,239. பன்னிரண்டு மாதம் சேர்ப்பதில் பெரும்பகுதியை ஒரு மாதம் தின்றுவிடும். பரிசுக் கார்டு பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை இதுதான் என்று நினைக்கிறேன். எந்தக் கார்டு என்பது இரண்டாவது கேள்வி. முழுத் தொகையையும் மாதா மாதம் கட்ட முடியுமா என்பதே முதல் கேள்வி. முடியாது என்றால் உலகத்திலேயே சிறந்த ரிவார்டு கார்டும் நட்டக் கார்டுதான்.

அப்பா இரண்டு நாள் ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் நாள் சீட்டை ஏலத்தில் எடுத்து, தம்பியின் கார்டு பாக்கியை ஒரே தவணையில் அடைத்தார். அது என் படிப்புக்கென்று போட்டு வந்த சீட்டு. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் 42 சதவீத வட்டி ஓடுகிறபோது நூறு ரூபாய் அடைத்தாலும் லாபம் என்று கணக்குப் போட்டுக் காட்டியவனே நான்தான்!

டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாமாண்டு பி.இ. சேர இப்போது கல்விக் கடன்தான் வழி. அதில் அப்பாவும் கையெழுத்துப் போட வேண்டும். அப்போது வங்கி பார்ப்பது 300 முதல் 900 வரையிலான கிரெடிட் ஸ்கோர். கார்டு பில் ஒன்று தவறினாலும் அந்த எண் இறங்கும். தனி ஆளின் கார்டு என்று நினைக்கிறோம். அது குடும்பத்துக் கதவையும் திறக்கும், அடைக்கும்.

கையில் இருக்கும் பாதுகாப்பு

2022-ல் ரிசர்வ் வங்கி கார்டுகளுக்கென்று விரிவான விதிகள் கொண்டுவந்தது. அவற்றில் சிலவற்றை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் கேட்காமல் கார்டு தரக் கூடாது. அப்படித் தந்து பில்லும் போட்டால், அதை ரத்து செய்வதோடு அந்தத் தொகையைப் போல் இரண்டு மடங்கு நமக்குத் தர வேண்டும். வந்த கார்டை 30 நாளுக்கு மேல் நாம் செயல்படுத்தாமல் இருந்தால், ஓ.டி.பி. மூலம் நம் சம்மதம் கேட்க வேண்டும். சம்மதிக்காவிட்டால் கட்டணமின்றி மூட வேண்டும். பாக்கியெல்லாம் அடைத்துவிட்டு கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் நமக்கு. சித்தப்பா கார்டை இந்த விதியைச் சொல்லித்தான் மூடினோம். ஐந்தாம் நாளே மூடியதாகக் கடிதம் வந்துவிட்டது.

பில் சுழற்சித் தேதியை மாற்றிக் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. சம்பளம் 7-ஆம் தேதி வருகிறவர், கட்ட வேண்டிய கடைசி நாள் 10-ஆம் தேதியை ஒட்டி வருகிற மாதிரி வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும். விண்ணப்பத்தோடு வட்டி, கட்டணம் எல்லாம் அடங்கிய ஒரு பக்க விவரத்தாளும் தர வேண்டும். டிராலி பேக்கைப் பார்க்கும் முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். பெற்றோர் கார்டில் கூடுதல் கார்டு வாங்கித் தரச் சொல்லும் நண்பர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நாம் செலவு செய்தாலும் கடன் அவர்கள் பெயரில்தான்.

நாங்கள் செய்தது

கடைசியில் ஆண்டுக் கட்டணமில்லாத கார்டு ஒன்றைத்தான் அப்பா வாங்கினார். வேண்டாம் என்று விட்டுவிடலாமே என்று நான் கேட்டேன். "பாட்டிக்கு ராத்திரியில ஆஸ்பத்திரின்னு ஓடினா கையில ஒண்ணு வேணும்டா" என்றார். அம்மா சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. கார்டில் வாங்கியதை நோட்டில் சிவப்பு மையில் எழுத வேண்டும். அன்றைக்கே அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவிட வேண்டும். பில் வந்தால் அந்தக் கணக்கிலிருந்து முழுத் தொகையும் தானாகப் போய்விடும்.

நண்பர்களே, உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மூன்று மாதச் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்று குவியலாகப் பிரியுங்கள். மூன்றாவது குவியலுக்கு வரும் பரிசைக் கண்டுபிடித்து, ஆண்டுக் கட்டணத்தையும் ஜி.எஸ்.டி.யையும் கழியுங்கள். பரிசுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் செலவு செய்யாதீர்கள். முழுத் தொகை கட்ட முடியாத மாதம் வரும் என்று தோன்றினால் கார்டைத் தொடாதீர்கள். தானமாகக் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இது தானமல்ல, தாராளமாகப் பாருங்கள்!

இந்த நான்கு மாதத்தில் எங்களுக்குக் கிடைத்த பரிசு 430 ரூபாய். பாட்டியின் மாத்திரைக்கு ஆறு நாள் வரும். "ஆறு நாள் உன் கார்டு சாப்பாடு போட்டுச்சுடா" என்று பாட்டி சிரிக்கிறார். சிவப்பு மைப் பக்கத்தில் பாக்கி என்று ஒரு வரிகூட இதுவரை இல்லை. அம்மாவுக்கு அதுதான் பரிசு.



மூன்றாமாண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை